பிளசர் காரும் எட்டாம் நம்பரும்

போன வாரம் அக்கா மகன் புதுக் கார் எடுத்து வந்து வாசலில் நிறுத்தினான். பதிவு நம்பரின் கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும் என்று காத்திருந்து வாங்கினானாம். "ஏறிப் பாருங்க மாமா" என்றான். நான் எங்கே ஏறினேன்? முன்கண்ணாடிக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த சேஸிஸ் எண்ணைக் குனிந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். எந்த வண்டியைப் பார்த்தாலும் எனக்கு இதே புத்தி. வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காருக்குள்ளிருந்து புது பிளாஸ்டிக் வாடை வந்தது. அவன் அப்பா, அதாவது நான் மாமா என்று கூப்பிடும் அக்கா வீட்டுக்காரர், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார் வைத்திருந்தார். அதன் வாடையே வேறு. மல்லிகைப்பூ, பெட்ரோல், சீட்டுக்குள் திணித்த தேங்காய் நார் எல்லாம் கலந்து வரும். பழைய அமெரிக்கக் கார் அது. ஊரில் பிளசர் என்பார்கள். கறுப்பு வண்டியில் எந்தப் பெண் வீட்டார் ஏறுவார்கள் என்று அதற்குச் சந்தன நிறம் அடித்து, அதையும் முறைப்படி பதிந்து, கல்யாண வாடகைக்கு விட்டிருந்தார். விருத்தாசலத்தைச் சுற்றி அதில் ஊர்வலம் போகாத மாப்பிள்ளை குறைவு. அந்த வண்டிதான் அவர்கள் வீட்டுச் சோறு.

நான் அப்போது பீங்கான் ஆலையில் மெருகுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்களிடம் ஒரு வழக்கம். ஜாடியோ கோப்பையோ, எதுவானாலும் அடியில் எண்களைக் குத்தித்தான் சூளைக்கு அனுப்புவோம். ஒன்று எந்த அச்சு, ஒன்று எந்த மெருகு, ஒன்று எந்த வரிசை. அதனால் டீக்கடையில்கூட டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். டீ மிச்சமிருக்கும்போதே கவிழ்த்ததும் உண்டு.

மாமாவுக்கும் எண் பைத்தியம் உண்டு, அது வேறு வகை. ஆயுத பூஜைக்கு வண்டியில் எங்கெல்லாம் எண் இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தனம் வைப்பார். ஒரு வருஷம் பானெட்டைத் திறந்து துடைத்தபோது, என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரில் சின்னத் தகடு ஒன்று தென்பட்டது. இங்கிலீஷ் எழுத்து அவருக்கு வராது. எண்கள் வரும். பெரிதாக இருந்தது 3671. கூட்டினால் பதினேழு, அதையும் கூட்டினால் எட்டு. சனி! அந்த மாதம்தான் டயர் வெடித்து ஒரு மாப்பிள்ளை மாட்டுவண்டியில் போய்த் தாலி கட்டியிருந்தார். மாமா உளியால் தகட்டைப் பெயர்த்து, மணிமுத்தாற்றில் போட்டுவிடச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த தகுதிச் சான்று முகாம் டிராவலர்ஸ் பங்களா மரத்தடியில் நடந்தது. இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று மாமா என்னையும் கூட்டிப்போனார். கதவுத் தூணில் இருந்த சேஸிஸ் எண் பதிவுப் புத்தகத்தோடு சரியாக இருந்தது. ஆனால் வண்டி ஆய்வாளர் பானெட்டுக்குள் தலையை விட்டவர், இரண்டு ஆணித் துளைகளையும் உளிக் காயத்தையும் பார்த்துவிட்டார்.

"இங்க இருந்த தகடு எங்கய்யா?"

"ஆத்துல போட்டாச்சுங்க சார்."

மாமா அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். திருட்டு வண்டியின் கூட்டை, அதாவது பாடியை, கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தகடு வரும்வரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். மறுநாள் காலை பெண்ணாடத்தில் முகூர்த்தம், முன்பணம் வாங்கியாயிற்று. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன், எந்தப் படித்துறையில் போட்டாள் என்று கேட்க. அக்கா கொஞ்சம் முழித்தாள். பிறகு, "ஆத்துல எங்கடா போட்டேன்? தகடு நல்லா கெட்டியா இருந்துச்சி. கோழிக்கூண்டுல எலி ஓட்ட போட்டிருந்துது, அதுல வச்சி அடிச்சிட்டேன்" என்றாள். அவளைக் கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. கோழி எச்சத்தைச் சுரண்டிக் கழுவியதும் எழுத்துகள் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஜாடி அடியில் இருக்கிற அதே சங்கதி!

தகட்டை வைத்துப் பார்த்தார் ஆய்வாளர். துளைக்குத் துளை பொருந்தியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன். இது வண்டியின் மாதிரி, இந்த 3671 கூடு கட்டிய வரிசை, இது சீட்டுத் துணி, இது பெயிண்ட். எது எது என்று தகட்டிலேயே இங்கிலீஷில் போட்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. "இந்தப் பெயிண்ட் நம்பர் என்ன கலர்?" என்றார். அமெரிக்காக்காரன் எந்த நம்பருக்கு எந்த நிறம் வைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? "கறுப்பு சார்" என்றேன், அசையாமல். அவர் டிக்கியின் ரப்பர் விரிப்பைத் தூக்கிச் சாவியால் சுரண்டினார். கறுப்பு. பதிவுப் புத்தகத்திலும் முதல் நிறம் கறுப்பு. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மாமாவிடம் சொன்னேன்: "நீங்க பயந்தது வண்டியோட பேரு இல்ல மாமா. அதுக்குத் தச்ச சட்டையோட நம்பரு." நிஜமான பெயர் கதவுத் தூணில் இருந்த எண்தான். அதையும் நான் கூட்டிப் பார்த்திருந்தேன். அதுவும் எட்டு! வாயைத் திறப்பேனா?

தகட்டை மறுபடி ஆணி அடித்துப் பொருத்தினோம். அதன்பிறகு அந்த வண்டி எத்தனையோ பெண்களைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. கடைசியில் உதிரிச் சாமான் கிடைக்காமல் பழைய இரும்புக்குப் போனது. லாரி வந்த அன்று, நினைவுக்குத் தகட்டையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"வாணாம் மச்சான். ஒருதரம் கழட்டுனதே போதும்."

இனி என்ன என்று, கதவுத் தூண் எண்ணும் எட்டுதான் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமா லாரியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். அன்னிக்கே கூட்டிப் பாத்தேன். சொன்னா நீ வண்டில ஏற மாட்டியேன்னுதான் சொல்லல."

எங்கள் ஆலைச் சூளை அணைந்து பல வருஷமாகிறது. கல்யாணத்துக்குப் பிளசர் கேட்டு யாரும் வருவதில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"என்ன மாமா, சேஸிஸ் நம்பரக் கூட்டிப் பாத்தீங்களா?" என்றான் அக்கா மகன்.

பார்த்தேன். எழுத்துகளைத் தள்ளிவிட்டு எண்களை மட்டும் கூட்டினேன், இரண்டு தடவை. எட்டு.

"நல்ல நம்பருப்பா" என்று ஏறி உட்கார்ந்தேன். கூட உட்கார்ந்து சிரிக்க மாமாதான் இல்லை.