ஜன்னல் திறந்தால்தான் ஓடும்

கல்யாண வீடியோ மிக்ஸிங் தொழில்ல மாப்பிள்ளை முறைக்கலாம், சம்பந்தி முறைக்கலாம், கரண்டு போகலாம். மெஷின் மட்டும் ஹேங் ஆகக் கூடாது. உறைஞ்சுபோன திரையப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவங்க யாராச்சும் இத வாசிக்கிறீங்கன்னா, வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

எங்கப்பா பாலசமுத்திரத்துல ஸ்டூடியோ வச்சிருந்தாரு. படம் பிடிக்கிறது அவரு, மிக்ஸிங் நான். வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் படம் குடுக்கப் போன மனுசன், வழியில கொடைக்கானல்ல தனபால்னு ஒருத்தர் கடையில கம்ப்யூட்டர் ஓடுற வேகத்தப் பார்த்து மயங்கிட்டாரு. இருந்த ரெண்டு கேமராவுல ஆசையா வச்சிருந்த ஒண்ண வித்து அந்த மெஷின வாங்கியாந்தாரு. கம்பெனி சொன்ன வேகத்துக்கும் மேல அதோட மதர்போர்ட முடுக்கி விட்டிருந்தாரு தனபால். அதுக்குப் பேரு ஓவர்க்ளாக்கிங்காம். எனக்கு அப்ப அந்தப் பேரும் தெரியாது, அது படுத்தப் போற பாடும் தெரியாது.

கெட்டிமேளம்

முதல் பெரிய ஆர்டர், பழனியில ஒரு கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர்ல வேலை. அவரு பிளேன் ஏறுறதுக்குள்ள டிவிடி கைக்கு வரணும்னு சொல்லிட்டாங்க. இது நல்லா வந்தா பழனியில நாலு வீடு நம்மளத் தேடி வரும், சொதப்புனா ஸ்டூடியோவ மூட வேண்டியதுதான்னு அப்பா என்கிட்ட நேராவே சொன்னாரு.

பாதி முடிஞ்சதும் பொண்ணோட அம்மா பார்க்க வந்தாங்க. நலுங்கு ஓடுச்சு, மாலை மாத்துறது ஓடுச்சு. ஐயர் கெட்டிமேளம்னு கைய ஆட்டவும் மெஷின் நின்னுபோச்சு. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே இடம். அந்த இடத்துலதான் பூ தூவுற எஃபெக்ட்ட நான் ஏகத்துக்கும் போட்டு வச்சிருந்தேன், பாரம் தாங்கல. இத அந்தம்மாவுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? அவங்களுக்கு அபசகுனமாப் பட்டுருச்சு, மொகமே செத்துப்போச்சு. "ஏம்மா, உங்க மெஷினுக்கு எம்மக கல்யாணத்துல இஷ்டமில்லையா?"

மடியில் ஒரு பிள்ளை

மறுநாள் வெள்ளனே, மெஷின அப்பாவோட பழைய வேட்டியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு மலை பஸ் ஏறுனேன். வளைவுக்கு வளைவு அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடையில வச்சு சுவிட்சப் போட்டா, அடப்பாவி, ஒண்ணுந் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுது! தாலி, மெட்டி, பந்தி எல்லாம் ஒரே மூச்சுல. எனக்குத்தான் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியலங்கிற மாதிரி தனபால் ஒரு பார்வை பார்த்தாரு. வீட்டுக்குக் கொண்டாந்து போட்டேன். கெட்டிமேளம். நின்னுபோச்சு.

திரும்பவும் பஸ். திரும்பவும் மேல ஓடுது, கீழ நிக்குது. எனக்குக் கோவத்துல அழுகையே வந்துருச்சு. கண்டக்டர் என் மடியப் பார்த்துட்டுக் கேட்டாரு: "ஏம்மா, பிள்ளைக்கு இன்னுமா ஒடம்பு தேவலையாகல?"

ஸ்வெட்டர்

கடைசியில போன்ல கத்துனேன். நீங்களே வெரசா கீழ வந்து பாருங்க, இல்லைன்னா இந்தப் பெட்டிய உங்க ஊரு ஏரியிலயே தூக்கிப் போட்டுருவேன்னு. வந்தாரு. பொறந்ததுலேருந்து மலையில இருக்கிற மனுசன், வெயில் கொளுத்துற மத்தியானத்துல ஸ்வெட்டரோட பஸ்ஸ விட்டு இறங்குறாரு! எங்க ஸ்டூடியோவோ தகரக் கூரை. உக்காந்த கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்திருச்சு. அப்பா மோர் குடுத்தாரு.

ஸ்வெட்டரக் கழட்டிக்கிட்டே மெஷின் மேல கைய வச்சவரு வெடுக்குன்னு எடுத்தாரு. விசயம் அவ்வளவுதான். கொடைக்கானல் குளிர்ல, ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டு முடுக்குன வேகம் அது. எங்க ஊரு சூட்டுல தாங்குமான்னு மலைக்காரருக்குத் தோணவே இல்ல. நெத்தியத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு: "என்னாலயே இங்க நிக்க முடியல மேடம், அது பாவம் என்ன பண்ணும்?"

குளிரில் முடிந்த கல்யாணம்

வேகத்தக் கொறைச்சா கீழயே ஓடும்தான். ஆனா மாப்பிள்ளை பிளேன் ஏறுறதுக்குள்ள வேலை முடியாது. மெஷின மேல கொண்டு போய், அதே வேகத்துல ஓட்டி முடிக்கிறது ஒண்ணுதான் வழி. நானும் அப்பாவும் கிளம்பிட்டோம். கடை ஜன்னல் ஆன்னு திறந்து கெடக்கு, மேகம் உள்ள வந்துட்டுப் போகுது, எனக்குப் பல்லு தந்தியடிக்குது. தனபால் தன்னோட மங்கி கேப்பக் கழட்டிக் குடுத்தாரு. வெக்கத்த விட்டு வாங்கி மாட்டிக்கிட்டேன். தாலி கட்டுற இடம் வந்தப்ப மூணு பேரும் மூச்சே விடல. தாண்டிருச்சு! அப்பா கைதட்டியே விட்டாரு.

டிவிடியப் பழனியில போட்டுக் காட்டுனோம். பொண்ணோட அம்மா கண்ணத் துடைச்சுக்கிட்டாங்க, எனக்கும் கலங்கிருச்சு. பிறகு சிரிச்சாங்க: "அதுக்கு இப்பத்தான் சம்மதம் வந்துச்சாக்கும்!"

என்ன சோலி?

அதுக்குப் பிறகு தனபால் வேகத்தக் கொறைச்சு வச்சுட்டுப் போனாரு. மெஷின் ஒரு நாளும் நிக்கல. ஆனாலும் ஞாயித்துக்கிழமை தவறாம மனுசன் மலையிறங்கி வந்துருவாரு. கேட்டா, நிக்காம ஓடுதான்னு ஸ்டெபிலிட்டி செக் பண்ணணுமாம். இப்பல்லாம் ஸ்வெட்டர் கிடையாது, தேய்ச்ச சட்டை. நானும் அன்னைக்குன்னு பார்த்து நல்ல சேலையா எடுத்துக் கட்டுவேன், பொய் சொல்வானேன்? அப்பா எத்தன வாரந்தான் மோர் குடுப்பாரு? ஒரு நாள் சொம்பக் கீழ வச்சுட்டுக் கேட்டுட்டாரு: "தம்பி, ஓடாதப்ப நாங்க வந்தோம், சரி. ஓடுறப்ப நீங்க வர்றீங்களே, என்ன சோலி?"

சாத்தின ஜன்னல்

அந்தச் சோலி கல்யாணத்துல முடிஞ்சு, நானும் மெஷினும் மலை ஏறுனோம். வந்த கையோட பழைய வேகத்துக்கு முடுக்கி விட்டாரு இவரு. எங்க கல்யாண வீடியோவ நானேதான் மிக்ஸிங் பண்ணேன். குளிர் தாங்காம ஜன்னலச் சாத்துனேன் பாருங்க, எங்க தாலியிலயும் நின்னுபோச்சு! அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை. நான் சாத்துவேன், இவரு திறப்பாரு. புது மெஷின் எத்தனையோ வந்தும், பழைய கேசட்டப் பென்டிரைவுல மாத்திக் குடுக்குற வேலைக்கு அந்த மதர்போர்டுதான். அதுக்காக மார்கழியிலயும் ஜன்னல் திறந்துதான் கெடக்கும்.

போன மழையில அது ஒரேயடியா நின்னுபோச்சு. என்னென்னமோ செஞ்சு பார்த்தாரு, எந்திரிக்கல. ஒரு போர்டுக்குப் போய் அழுவாங்களான்னு கேப்பீங்க. நான் அழுதேன். இவரு எந்திரிச்சுப் போய் ஜன்னலச் சாத்துனாரு. "இனிமே சாத்தியே இருக்கட்டும்மா. ஒனக்குத்தான் குளுரும்ல."

கொஞ்ச நேரத்துல நானே போய்த் திறந்து விட்டுட்டேன்; பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்க, மதர்போர்டுக்கு வாக்கப்பட்டு மலை ஏறுனவ குளிருக்குப் பயந்தா முடியுமா?