குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவள்

ஆனி மாதம், நல்ல சாரல். காலை பத்து மணிக்கு என்னையும் என் சக்கர நாற்காலியையும் மதுரை வண்டி தென்காசி ரயிலடியில் இறக்கிவிட்டது. சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதம் வந்து கால்கள் நடக்காமல் போனவள் நான். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு பலமுறை வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அருவியில் நனைந்ததில்லை. எல்லாரும் குளிப்பார்கள், நான் துணிமணிக்குக் காவல். இந்த முறை குளிக்காமல் திரும்புவதில்லை என்று தனியாகவே கிளம்பிவிட்டேன்.

ஆட்டோ அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சாரல் காலத்தில் இங்கே இறங்குகிறவர்கள் வேறெங்கே போவார்கள் என்று நானும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால் மலை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எங்கே போகிறோம் என்றேன்.

“ஆய்க்குடிக்குத்தான். வீல்சேர்ல வாரவங்க எல்லாரும் அங்கனதானம்மா போவாங்க?”

ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் இருக்கிறது. நாற்காலியைப் பார்த்ததுமே என் விலாசத்தை முடிவுசெய்துவிட்டார். அருவியில் குளிக்கப் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டியைத் திருப்பி மேலகரம் வழியாகக் குற்றாலத்தில் கொண்டு விட்டவர் இருநூறு ரூபாய்தான் வாங்கினார். வீணாகச் சுற்றியது அவர் கணக்காம்.

பதினொன்றரை மணி. பெண்கள் பக்கம் வரிசை நீளம். நாற்காலியை ஓரமாக நிறுத்தியதுதான் தாமதம், ஒரு பெண் தன் பையை என் மடியில் வைத்தாள்.

“யக்கா, நீங்க இங்கனதான இருப்பிய? கொஞ்சம் பாத்துக்கிடுங்க.”

அவளைப் பார்த்து அடுத்தவள். துண்டு, செருப்பு, நேந்திரங்காய் சிப்ஸ் என்று மூக்கு வரைக்கும் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு ஆச்சி, அருவி அடித்துக்கொண்டு போய்விடும் என்று தன் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மூட்டைகளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, காவலுக்கு நின்ற பெண் போலீசைக் கூப்பிட்டுக் குளிக்க வேண்டும் என்றேன். வாளியில் பிடித்துவந்து இங்கேயே ஊற்றட்டுமா என்று அன்பாகத்தான் கேட்டார். வாளித் தண்ணீர் மதுரையிலேயே கிடைக்கும் என்றேன். சிரித்துவிட்டார்.

“அப்ப எப்படிப் பிடிக்கணும்? நீங்களே சொல்லுங்கக்கா.”

என்னைத் தூக்கியவர்கள் ஏராளம். தூக்குவதற்கு முன்னால் கேட்டவர் இவர்தான். நான் சொன்னபடி பிடித்து என்னைத் தரையில் இறக்கி உட்காரவைத்தார். மூட்டைகளை நாற்காலியில் அடுக்கினோம். பல்செட்டை வரிசையில் நின்ற ஆச்சியிடமே திருப்பிக் கொடுத்தேன். பொக்கை வாயால் திட்டினார், நல்லவேளை ஒன்றும் புரியவில்லை. ஒரு கையைப் போலீஸ்காரம்மா தோளிலும் மறு கையை இன்னொரு பெண்ணின் தோளிலும் போட்டுக்கொண்டேன்.

தண்ணீர் முதுகில் தபதபவென்று விழுந்தது. பக்கத்தில் நின்றவள் என்னை இடித்து இடம் பிடித்தாள், எல்லாரையும் போல நானும் அவளை இடித்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை.

திரும்பி வந்தால், நாற்காலியில் மூட்டைகள் இரண்டு மடங்காகியிருந்தன. ஆள் இல்லாத நாற்காலியை நம்பியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புதிதாக ஒருத்தி தன் பையை உச்சியில் வைக்கப் போனவள், இரண்டு தோள்களில் தொங்கியபடி சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள்.

“இந்தச் சேருக்கு ஆளு உண்டுமா?”

“உண்டு,” என்றேன். “குளிக்கப் போயிருந்தேன்.”