கொம்புமான் நிற்கும் இடம்

கோடியக்கரைக் காட்டில் பத்தொன்பது வருடமாக வாட்சராக இருக்கும் வளவன், எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்ப்பார். விறகா, கண்ணியா, பழமா? வெறுங்கையோடு வருகிறவர்கள் மேல் சந்தேகம் இன்னும் அதிகம்.

இந்தக் கோடையில் ஜீப்புகளை நிறுத்திவிட்டு, பார்வையாளர்களைச் சைக்கிளில் மட்டும் விடுவதென்று முடிவாயிற்று. மான்கள் மிரளாத வழியைக் காட்டுவது வளவன் பொறுப்பு. அளந்து குச்சி நடுவது சர்வேயர் சுஹைப்பின் வேலை.

புல்வெளியில் நட்டிருந்த ஒரு குச்சியருகே தங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மரத்தடியில் உதிரும் சின்ன மஞ்சள் பாலாப்பழங்களைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவள். காட்டில் பொறுக்கக் கூடாதுதான். அவள் வரும்போது மட்டும் வளவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

“ஏன் நிக்கிற?”

“இந்தப் புழுக்கைக் குவியல் கொம்புமானோட இடம் வாட்சரே. தினம் இங்கதான் வந்து நிக்கும். பாதை போட்டா அது போயிடும். பின்னாலயே பொட்டை மானுங்களும் போயிடும்.”

“இதுல உனக்கென்ன லாபம்?”

அவள் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். ஆள் நடமாட்டம் வராமல் தடுக்க இவளே அள்ளிக் கொட்டியிருப்பாள் என்று வளவன் நினைத்தார். குவியலை வழித்தெடுத்துத் தூர எறிந்தார். மூன்றாம் நாள் மறுபடி இருந்தது.

“கூடையில கொண்டாந்தியா?”

“ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க.”

மறுநாள் விடியலில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார். முறுக்குக் கொம்போடு மான் வந்தது. அதே இடத்தில் நின்று புழுக்கை போட்டது. பிறகு தலையைத் திருப்பி, இவன் இங்கே என்ன செய்கிறான் என்பதுபோல அவரைப் பார்த்தது.

மேற்கே சேறு. பாதையைக் கிழக்கேதான் வளைக்க முடியும். அங்கே தங்கம்மாள் பழம் பொறுக்கும் பாலாமரங்கள். நாலு பேர் சைக்கிளில் போகும் இடத்தில் இனி அவர் எப்படித் திரும்பிக்கொள்வது?

“பாதை உன் மரத்தடிக்கு வரும்னு தெரியாதா?” என்று அன்று வந்த தங்கம்மாளிடம் கேட்டார்.

“தெரியாமயா?”

“அப்புறம் ஏன் சொன்ன?”

“ஏன் நிக்கிறன்னு கேட்டீங்க. சொன்னேன்.” கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வெறுங்கை. அன்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

“தம்பி, அந்தக் காரைப் புதருக்கு இந்தப் பக்கமா குச்சிய நடுங்க” என்றார் சுஹைப்பிடம். நடுவில் புதர் நின்றால், பாதையில் போகிறவர்களுக்கு மரத்தடி தெரியாது.

சுஹைப் புதரைப் பார்த்தான், அப்பால் மரங்களைப் பார்த்தான், கடைசியில் அவரைப் பார்த்தான்.

“இதுல உங்களுக்கென்னண்ணே லாபம்?”

வளவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெயில் ஏறுது. நடுங்க.”