பொட்டு வைத்த பொத்தான்

வெள்ளைச்சாமி தன் ஆயுளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இரண்டு வருஷம் மத்திகிரி லைன் வீடுகளில் ஒருத்தரும் இதை நம்பவில்லை. கமுதிப் பக்கத்தில் அவருடைய அப்பா இருந்த நிலத்தையெல்லாம் குடித்தே தீர்த்தவர். அதைப் பார்த்து வளர்ந்ததால், கல்யாண வீட்டில் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனைக் குடிகாரன் என்று சொல்லி வேலையை விட்டுத் துரத்தினான் சிவராஜ்.

ஓசூர்ப் பக்கம் அவர் வந்தது தொண்ணூற்று நாலில். முதலில் பர்கூரில் ஒரு கிரானைட் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓட்டினார். கல் தூசியில் இருமல் பிடித்ததும் அதை விட்டுவிட்டு, மத்திகிரி ரோட்டில் முனிவேல் நடத்திய குஞ்சு பொரிப்பகத்தில் சேர்ந்தார். கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும் இடம் அது. ஆள் உயர மெஷின்களுக்குள் முப்பதாயிரம் முட்டை அடுக்கியிருக்கும். சூடும் காற்றும் கரண்டை நம்பித்தான். கரண்ட் நின்றால் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் போனால் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும்.

கரண்ட் போனதும் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பி, சுவரில் இருக்கும் பெரிய கைப்பிடியை லைனிலிருந்து ஜெனரேட்டருக்குத் தள்ளுவது வெள்ளைச்சாமியின் வேலை. நாற்பது எண்ணுவதற்குள் முடித்துவிடுவார். பத்து வருஷத்தில் ஒரு குஞ்சுகூட அவர் கையால் சாகவில்லை. சோறு தின்னும்போது மின்விசிறி நின்றால், எச்சில் கையோடு ஓடுவார்.

இரண்டாயிரத்து ஆறில் முனிவேலின் மருமகன் சிவராஜ் நிர்வாகத்துக்கு வந்தான். வந்த கையோடு ஆட்டோ பேனல் ஒன்றை வாங்கி வைத்தான். கரண்ட் போன பத்தாவது வினாடி அந்தப் பெட்டியே ஜெனரேட்டரைக் கிளப்பி, மெஷின்களின் லோடை அதற்கு மாற்றிவிடும். கரண்ட் வந்தால் தானே திருப்பி மாற்றி, ஜெனரேட்டரை நிறுத்திவிடும். ஓடிக்கொண்டிருக்கிற ஜெனரேட்டருக்கு என்ன மாப்ள குறை என்று முனிவேலே முதலில் தயங்கினார் என்பதும், பேனல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் சிவராஜ்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பேனலில் கை வைக்கக் கூடாது, டீசல் ஊற்றினால் போதும் என்று வெள்ளைச்சாமிக்கு உத்தரவு. சுவரில் இருந்த பழைய கைப்பிடியையும் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

பேனல் வந்த மூன்றாவது வாரம் ஆயுதபூஜை. மெஷின், பேனல், வேன், தராசு எல்லாவற்றுக்கும் சிவராஜ்தான் சந்தனம் குங்குமம் வைத்தான். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைப்பான். புதுப் பேனலுக்கு மட்டும் சாமந்தி மாலை சாத்தி, பெரிதாக ஒரு பொட்டு வைத்தான். பொரி கடலை சாப்பிட்டு முடிப்பதற்குள், பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.

பத்து வினாடி ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, ஜெனரேட்டர் முனகக்கூட இல்லை. பேனலின் சின்னத் திரையில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக யாருக்கும் புரியாத ஏதோ எரிந்துகொண்டிருந்தது. கை வைக்காதே என்ற பெட்டி. வெள்ளைச்சாமிக்குத் தெரிந்ததெல்லாம் எஞ்சின்தான். பேட்டரியைப் பார்த்தார். டீசல் லைனில் காற்றுப் புகுந்திருக்குமோ என்று குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சித் துப்பினார். ஒருதடவை அல்ல, ஏழெட்டுத் தடவை. மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டால், ஸ்பானரெல்லாம் சாமிகிட்ட இருக்கு, நாளைக்கு எடுத்துட்டு வர்றோம் என்றார்கள். கரண்ட் வந்தபோது மணி ஐந்து. முப்பதாயிரத்தில் பாதி போய்விட்டது.

முனிவேல் வரப்போகிறார் என்றதும் சிவராஜுக்கு வேர்த்துக்கொட்டியது. தான் வாங்கிய பேனல் வேலை செய்யவில்லை என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? பூஜைக்கு வந்திருந்த அத்தனை பேர் நடுவில் வெள்ளைச்சாமியை நிறுத்தினான்.

"யோவ், ஊதுய்யா."

வெள்ளைச்சாமிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது காது சூடாகிவிட்டது. சிவராஜ் வாட்ச்மேன் நல்லுசாமியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னான். வெள்ளைச்சாமி ஊதினார். நல்லுசாமி முகத்தைச் சுளித்தான். சிவராஜின் முகத்தைப் பார்த்தான்.

"வாடை வருதுங்க சார்" என்றான்.

அவ்வளவுதான். மறுநாள் காலை மெக்கானிக் வந்து பட்டனைத் தட்டியதும் ஜெனரேட்டர் உடனே கிளம்பியது. மெஷினில் கோளாறு இல்லை என்றால் ஆளில்தானே கோளாறு? குடித்துவிட்டுத் தூங்கிய ஆபரேட்டரால் பதினைந்தாயிரம் குஞ்சு செத்தது என்ற பேச்சு ஓசூர் முழுக்கப் பரவியது. அவர் மனைவி இருளாயி தண்ணீர் பிடிக்கப் போனால், குழாயடியில் பேச்சு நின்றுவிடும். அவள் வேலை பார்த்த கேன்டீனில் ஒருத்தி, உன் வீட்டுக்காரருக்கு மாலை போட்டு விடு, குடி நிற்கும் என்று புத்தி சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து இருளாயி அழுதாள். வெள்ளைச்சாமி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவராஜைக் கண்ட துண்டமாக வெட்டுவது போல எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். நினைத்து முடித்ததும் இன்னும் ஆத்திரம்தான் வந்தது. வெட்டினாலும் குடிகாரன் வெட்டினான் என்றுதானே சொல்வார்கள்?

வேறு எந்தக் குஞ்சு பொரிப்பகத்திலும், ஜெனரேட்டர் வைத்திருந்த கல்யாண மண்டபங்களிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் சிட்கோ தொழிற்பேட்டையில் மாதவன் என்பவர் நடத்திய சின்னப் பேனல் கம்பெனியில் வேலை கிடைத்தது. வயர் வெட்டித் தரும் வேலைதான். எந்தப் பெட்டி தன் பெயரைக் கெடுத்ததோ, அந்தப் பெட்டியையே செய்யும் இடம். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு மாதவனின் உயிரை வாங்கினார்.

அடுத்த வருஷ ஆயுதபூஜைக்கு அங்கே வயரிங் செய்யும் பெண் சத்யப்ரியா பேனல்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பேனல் முகப்பில் ஆபத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான், காளான் குடை மாதிரி உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் எது? அவள் சந்தனத்தை வைத்து விரலால் அழுத்தினாள். டக் என்று உள்ளே போய் நின்றுகொண்டது. அது உள்ளே போனால் ஜெனரேட்டரை யாராலும் கிளப்ப முடியாது என்று வெள்ளைச்சாமிக்கு இப்போது தெரியும். மறுநாள் காலை அவளே ஈரத்துணியால் அதைத் திருகித் துடைத்தாள். பொத்தான் வெளியே வந்துவிட்டது. என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

 சிவராஜின் கட்டைவிரல், சாமந்தி மாலை, மறுநாள் காலை கூட்டித் துடைக்க வரும் சாந்தம்மா, அதற்குப் பிறகு வந்த மெக்கானிக் எல்லாம் வரிசையாக வெள்ளைச்சாமியின் கண்முன் வந்தன. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார் வேறொருவர். வெள்ளைச்சாமி வாயைத் திறக்கவில்லை. மூடி போட்ட பொத்தானாக வாங்கிப் போடலாம் என்று மாதவனிடம் மட்டும் சொன்னார். அந்த வாரமே டீக்கடையில் நல்லுசாமியைப் பார்த்து, அவசரத்துக்கு வைத்துக்கொள் என்று மாதவன் கம்பெனியின் கார்டைக் கொடுத்தார். நல்லுசாமி கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான்.

ஒரு வருஷம் காத்திருந்தார். இரண்டாயிரத்து எட்டில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. சாமி வரம் கொடுத்தது போல் இருந்தது அவருக்கு. ஆயுதபூஜையன்று கம்பெனியில் எல்லோரும் போன பிறகும் டெலிபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. மூன்றேகாலுக்கு டெலிபோன் மணி அடித்தது. நாலைந்து இடத்தில் கேட்டும் யாரும் கருவியைத் தொட மாட்டேன் என்கிறார்கள், நீங்களாவது வாங்க என்று நல்லுசாமி கொடுத்த கார்டைப் பார்த்துப் போன் போட்ட சிவராஜ் கெஞ்சினான். ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வெள்ளைச்சாமி சைக்கிளை எடுத்தார். கையில் ஒரு டெஸ்டர்கூட இல்லை.

அவரைப் பார்த்ததும் நல்லுசாமி அவசரமாகக் கேட்டைத் திறந்துவிட்டான். உள்ளே மெஷின் கதவுகளைத் திறந்து போட்டு, முட்டை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மறுநாள் பொரிய வேண்டியவை. முனிவேல் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச்சாமி நேராகப் பேனல் முன்னால் போய் நின்றார். மாலையை விலக்கினார். உள்ளே அழுந்திய சிவப்புப் பொத்தானில் குங்குமம் காய்ந்து அப்பியிருந்தது. மணி மூன்று முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

"டூல்ஸ் எங்க?" என்றான் சிவராஜ்.

"தேவையில்ல. எல்லாரையும் இங்கன வரச் சொல்லுங்க. விசிறுறவங்களும் வரட்டும்."

சிவராஜ் முறைத்தான். முனிவேல் கையைக் காட்டியதும் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நின்ற அதே ஆட்கள். வெள்ளைச்சாமி சிவராஜின் முகத்துக்கு நேராகப் போய், வாயைத் திறந்து நெஞ்சிலிருந்து ஊதினார்.

"மோந்து பாத்துச் சொல்லுங்க. வாடை வருதா?"

"அண்ணா, குஞ்சு சாவுது." அவன் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வருதா?"

"இல்ல."

"அன்னைக்கு?"

சிவராஜ் தரையைப் பார்த்தான். மெஷின் பக்கமிருந்து சத்தம் கூடிக்கொண்டே போனது. வெள்ளைச்சாமி ஒருதடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் அவர் அசையவில்லை. முனிவேல் எழுந்து வந்து மருமகனை வீட்டில் பேசும் கன்னடத்தில் கடுமையாக ஏதோ கேட்டார்.

"அன்னைக்கும் இல்ல" என்றான் சிவராஜ். "டீசல் வாடைதான். எனக்குத் தெரியும். பேனல் நின்னுதுன்னு சொல்ல பயந்துக்கினு உங்கமேல போட்டேன்."

"சத்தமா."

மறுபடியும் சொன்னான். விசிறிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இப்ப அந்தச் செவப்புப் பொத்தானப் பிடிச்சுத் திருகுங்க" என்றார் வெள்ளைச்சாமி. "நான் தொட மாட்டேன். நீங்க வச்ச பொட்டு. அன்னைக்கு வச்சதும் நீங்கதான்."

சிவராஜின் கட்டைவிரலில் காலையில் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அந்த விரலாலேயே திருகினான். டக் என்று பொத்தான் வெளியே வந்தது. பக்கத்திலிருந்த ரீசெட்டை அமுக்கச் சொன்னார். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. பேனலுக்குள் லோடு மாறும் சத்தம் கேட்டது. மெஷின்களில் விளக்கு வந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

முனிவேல் குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தார். பிறகு, "இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றார்.

"போன வருஷ பூஜையிலேருந்து."

"அப்பவே வந்து சொல்லியிருந்தா உன்னை மறுபடி வெச்சிருப்பனே."

"ஆபீஸ் ரூமுக்குள்ள கூப்பிட்டு, கதவச் சாத்திக் கேட்டுருப்பீங்க மொதலாளி. எம் பேரு போனது வாசல்ல."

மறுபடி வேலைக்கு வா என்று அவர் கூப்பிட்டதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு, வெள்ளைச்சாமி சைக்கிளை எடுத்தார். கேட்டைத் திறந்துவிட்ட நல்லுசாமி, அன்று வாடை வந்தது நிஜம்தானே அண்ணே என்று மென்று விழுங்கினான். என்ன வாடை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டு அவர் ஏறி மிதித்தார். அவர் போய்ச் சேருவதற்குள் பேச்சு குழாயடிக்குப் போயிருந்தது. இருளாயி அன்று நாலு குடம் தண்ணீர் கூடுதலாகப் பிடித்தாள்.

மாதவன் கம்பெனிப் பேனல்களில் அதற்குள் எல்லாச் சிவப்புப் பொத்தானுக்கும் மூடி வந்துவிட்டது. பொரிப்பகத்துப் பேனலுக்கு ஒரு மூடி போட வேண்டும் என்று மாதவன் நினைவுபடுத்தும்போதெல்லாம் வெள்ளைச்சாமிக்கு வேறு வேலை வந்துவிடும். அடுத்த ஆயுதபூஜைக்குச் சிவராஜ் சந்தனக் கிண்ணத்தோடு பேனல் முன்னால் வந்து நின்றானாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். விரலை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றுவிட்டு, கிண்ணத்தை நல்லுசாமி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டானாம். டீக்கடையில் நல்லுசாமி இதைச் சொன்னபோது, வெள்ளைச்சாமி இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.