அப்பாவின் கையைப் பிடித்த கதைசொல்லி

எங்கள் தேவாலய மண்டபத்தில் கவிதையும் கதையும் சொல்ல மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வருகிறார் என்று போதகர் அறிவித்தபோது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தது நான்தான். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு அப்பா வெளியே இறங்கிக் கனகாலம். துறைமுகத்தில், கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை செய்தவர். இப்போது காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவார். தம்பியை மட்டும் மறக்கவில்லை. கனடாவுக்குப் போன தம்பி ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. தொலைபேசியில் பேசுவதும் வரவரக் குறைந்துவிட்டது.

"அவன் எப்ப வாறானாம்?" என்று அப்பா தினமும் கேட்பார்.

"வருவான் அப்பா" என்பேன்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஊர் ஊராகப் போய் இப்படி மாலைகளை நடத்துவதுதான் அவருடைய ஊழியம். மேடையில் ஏறவில்லை, மைக்கையும் வேண்டாம் என்றுவிட்டார். மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டும் ஒரு தாயைப் பற்றித் தான் எழுதிய கவிதையைச் சொன்னார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா முன்வரிசைக் கதிரையில், என் பக்கத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றை இவ்வளவு நேரம் கவனித்துப் பல மாதங்களாகியிருந்தன. கூட்டிவந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

கடைசியாக, தகப்பனிடம் தன் சொத்துப் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போன மகன் எல்லாவற்றையும் இழந்து வீடு திரும்பும் கதை. வேதாகமத்தில் வரும், எங்களுக்குத் தெரிந்த கதைதான். அவர் அதை எங்கள் கடற்கரைக்குக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கதையில் மகன் தகப்பனின் படகை விற்றுவிட்டுப் போகிறான். பிறகு செருப்பும் இல்லாமல் பஸ்ஸால் வந்து இறங்குகிறான். அந்த மகனாகவே அவர் கதிரைகளுக்கு நடுவே நடந்துவந்தார். முன்வரிசையில் இருந்தவர்களில் வயது போனவர் அப்பாதான். அவர் முன்னால் முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, நான் வந்திட்டன்."

அப்பா அவருடைய முகத்தையே பார்த்தார். பிறகு தலையைத் தடவினார். "மெலிஞ்சு போனாயடா. சாப்பிட்டனியே?"

மண்டபம் முழுவதும் கைதட்டியது. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்தது என்று நினைத்திருப்பார்கள். கதைசொல்லியும் உற்சாகமாகி, "இல்லை அப்பா, பசிக்குது" என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். "எழும்பு, வீட்ட போவம். அக்கா சமைச்சிருப்பாள்."

அப்போதுதான் கதைசொல்லிக்கு விஷயம் விளங்கியது. என்னைப் பார்த்தார். தன் கைகளை மெதுவாக இழுத்துப் பார்த்தார். கப்பல் வடம் பிடித்த அப்பாவின் கை, விடவில்லை.

"ஐயா, நான் இஞ்ச கதை சொல்ல வந்தனான்" என்றார் தணிந்த குரலில்.

"ஓம், வீட்ட வந்து சொல்லு."

கதை அந்த இடத்திலேயே நின்றது. போதகர் அவசரமாக ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். கதைசொல்லி எங்களோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். பிட்டும் மீன்குழம்பும் இருந்தன. அப்பா தன் கையாலேயே பரிமாறினார், முள்ளை எடுத்து எடுத்து வைத்தார். அந்த மனிதர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

கை கழுவக் குசினிக்கு வந்தவர், "அக்கா, உண்மையைச் சொல்லிப்போடவோ?" என்று கேட்டார்.

"சொன்னாலும் அவருக்கு விளங்காது தம்பி."

"நாளைக்கு நான் முல்லைத்தீவில நிக்க வேணும். இப்பிடி விட்டிட்டுப் போகவும் மனம் வரேல்லை."

இரும் என்று சொல்லவும் முடியாது, போம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கை துடைக்கத் துவாயை எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்று அவர், "போயிட்டு வாறன் அப்பா" என்றார். எல்லாரும் சொல்வதுதான். சொன்ன பிறகு அவருடைய முகம் மாறிப்போனது.

அடுத்த நாள் தம்பியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பான் என்று பயந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான். அந்த வார முடிவில், கனகாலத்துக்குப் பிறகு, அவனாகவே வீடியோவில் அழைத்தான். முன்தலை வழுக்கையாகி, கண்ணாடி போட்டிருந்தான். தொலைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அப்பா, நான்தான்."

அப்பா மரியாதையாகச் சிரித்தார். "ஆர் தம்பி நீங்கள்?"

"உங்கட மகன் அப்பா."

"இல்லையே. என்ர மகன் அண்டைக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போனவன்."

தம்பி கண்ணாடியைக் கழற்றினான். அப்படியாவது தெரியட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, "அக்கா, நான் வெளிக்கிட்டு வந்தால் அப்பாவுக்கு என்னைத் தெரியுமோ?" என்றான்.

"தெரியாதடா" என்றேன். அது எனக்கே தெரியாது என்றுதான் சொல்ல வந்தேன். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பா என் பக்கம் சாய்ந்து, அவனுக்குக் கேட்காதபடி சொன்னார்: "அந்தத் தம்பி ஆரையோ தேடுறார் போல. பாவம்."