நனையாமல் கொண்டுவர வேண்டிய பூ

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், வைகாசி மாதம், வெண்ணந்தூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் குளிர்ச்சிக்காகப் போவார்கள், இல்லாவிட்டால் மலைக்கோயில் திருவிழாவுக்குப் போவார்கள். நான் ஒரு பூவுக்காகப் போனேன். இதே வழியில் செடிக்காகவோ விதைக்காகவோ போக நினைப்பவர்கள் நேரத்தையும் தூரத்தையும் கேட்கிறார்கள். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பூவைப் பற்றி. இங்கிலீஷில் டே லில்லி என்பார்கள். புல் மாதிரி நீண்ட இலை, நடுவில் ஒரு தண்டு, தண்டின் தலையில் ஏழெட்டு மொட்டு. ஒரு மொட்டு காலையில் விரியும், பொழுது சாயும்போது சுருண்டுவிடும். மறுநாள் அடுத்த மொட்டு. சேலம் ரயில்வே ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தூக்கி எறிந்த கிழங்கை எடுத்து வந்து வைத்தேன். மஞ்சள் நிறம். நான் நூலுக்குச் சாயம் போடுகிற ஆள். மஞ்சள் தொட்டியில் சிவப்பை விட்டால் என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பூவிலும் அப்படி ஒன்றை வரவழைக்கலாம் என்று நினைத்தது என் கிறுக்கு.

பங்குனி, சித்திரைதான் சமவெளியில் இதற்குப் பருவம். காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் தடவுவேன். எதை எதோடு சேர்த்தேன் என்று மறக்காமலிருக்கக் காம்பில் ஒரு சாய நூல் கட்டுவேன். காய் முற்ற ஐம்பது நாள், விதை போட்டுப் பூக்க இரண்டு வருஷம். ஆறு பருவம் இப்படிப் போனது. மஞ்சளுக்கு மஞ்சள்தான் பிறந்தது, சில சமயம் கொஞ்சம் வெளிறின மஞ்சள். என் மனைவி இருந்தவரை சாயங்காலம், "இன்னைக்கு என்னங்க பூத்துது?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பூ விரிந்ததும் சுருண்டதும் எனக்கு மட்டும் தெரிந்த சமாசாரமாகப் போய்விட்டது. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏற்காட்டில் ஒரு துரையின் பங்களாத் தோட்டத்தில் சிவப்பு டே லில்லி இருந்தது. தோட்டக்காரர் மாரி, கெங்கவல்லிக்காரர், எனக்குப் பழக்கம். இரண்டு தடவை கிழங்கே கொடுத்தார். இரண்டும் எங்கள் ஊர் வெயிலில் அழுகிப் போயின. அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து என் மஞ்சளில் ஏற்றினால், வெயில் தாங்குகிற சிவப்பு பிறக்கலாம். ஆனால் மலையில் பூக்கும்போது என் செடி பூத்து முடிந்திருக்கும். அந்த வருஷம் மட்டும் என் செடி பிந்தி ஒரு தண்டு விட்டது. அதிலும் ஒரே ஒரு மொட்டுதான் பாக்கி இருந்தபோது மாரியின் கார்டு வந்தது. சிவப்பு பூத்துவிட்டது, துரை பங்களாவை விற்கப் பேசுகிறார், வருவதானால் உடனே வரவும் என்று எழுதியிருந்தார். மொட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாளை மறுநாள் காலை விரியும் என்று தெரிந்தது.

மறுநாள் காலை நாலரைக்குக் கிளம்பினேன். வெண்ணந்தூரிலிருந்து மல்லூர் ஆறு மைல், நடை. ஆறரைக்கு மல்லூர். ஏழு மணி பஸ்ஸில் சேலம், மூன்றணா, முக்கால் மணி நேரம். சேலத்தில் இட்லி சாப்பிட நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிடுங்கள், மேலே ஒன்றும் கிடைக்காது. எட்டரைக்கு மலை பஸ், பன்னிரண்டணா. இருபது மைல்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் ஆகும். பாதி மலையில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார்கள். அங்கே டிரைவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"மேல தங்கறீங்களா?"

"இல்லீங்க. ஒரு மணி பஸ்ஸுக்கே எறங்கீருவனுங்க."

"இத்தன தூரம் ஏறி உடனே எறங்கறதா? ஆராச்சும் செத்துப் போயிட்டாங்களா?"

"இல்லீங்க. பூ ஒண்ணு எடுக்கோணும்."

"பூவா!" என்று சொல்லி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அதைச் சத்தமாக ஒரு முறை சொன்னார். "சேலத்துல பூவே இல்லையாமுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஒண்டியாக இருக்கிற ஆள் இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு அலைவான் என்று அவர்கள் நினைப்பது போல எனக்குப் பட்டது.

பதினொரு மணிக்கு ஏற்காடு. ஏரியிலிருந்து பங்களாவுக்கு ஒரு மைல், ஏற்றம். மாரி வாசலிலேயே நின்றார். "வாங்க சாயக்காரரே, இன்னிக்கு மூணு பூத்திருக்குது. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். ரத்தச் சிவப்பு என்று சொல்ல மாட்டேன். சாயவேரில் இரண்டு முறை தோய்த்த நூலின் நிறம். தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

இங்கே நான் செய்த முதல் தப்பு. மகரந்தப் பைகளை மட்டும் கிள்ளி, காகிதத்தில் மடித்து எடுத்து வருவதுதான் முறை. டப்பாவில் அடைக்கக் கூடாது, வேர்த்துவிடும். மகரந்தத்தில் துளி ஈரம் பட்டாலும் அது செத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சிவப்பை ஒரு சாயங்காலமாவது என் வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, வீடு சேர்வதற்குள் சுருண்டுவிடும் என்பதையும் நினைக்காமல், மூன்றையும் முழுப் பூவாகவே பறித்தேன். மாரி வாழைச் சருகில் காற்றுப் போகிற மாதிரி பொட்டலம் கட்டினார். "தண்ணி காட்டாதீங்க" என்றார். எனக்கே சொல்கிறாரே என்று சிரித்தேன்.

ஒரு மணிக்கு இறங்குகிற பஸ். இரண்டே முக்காலுக்கு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரு பூக்காரம்மா கூடையோடு ஏறி என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார். சாயங்கால வியாபாரத்துக்குச் சேலம் போகிறவர். கூடையில் மல்லிகை, மேலே ஈரத்துணி, இடுக்கில் ஒரு சொம்பு. என் மடியில் இருந்த பொட்டலத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு இதழ் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இது என்ன பூவுங்க? நாங் கண்டதே இல்லியே."

"மலைப் பூவுங்க."

"ஊட்டம்மாவுக்குங்களா?"

காலையில் பஸ்ஸே சிரித்தது ஞாபகம் வந்தது. மகரந்தம், மஞ்சள், ஆறு பருவம் என்று ஆரம்பித்தால் மறுபடியும் சிரிப்பு. இல்லை என்றால் அடுத்த கேள்வி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் வரும். "ஆமாங்க" என்றேன்.

அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வெயில்ல இத்தாந்தூரம் பொண்டாட்டிக்குப் பூ கொண்டுக்கிட்டுப் போறீங்களே, நல்லாருக்கோணும் சாமி" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து அலைந்த அலுப்பு. கண் அசந்துவிட்டேன்.

சேலத்தில் அவர் தட்டி எழுப்பினார். "எந்திரிங்க, ஊரு வந்துருச்சு. பூ வாடுச்சுங்க, அதான் தண்ணி தெளிச்சுக் கட்டி வெச்சேன்." மடியில் சருகுப் பொட்டலம் இல்லை. பச்சை இலையில், நனைந்த நாரால் கட்டிய பொட்டலம் இருந்தது. அதற்கு மேல் ஒரு முழம் மல்லிகை. "இது எங் கணக்குங்க, ஊட்டம்மாகிட்டக் குடுங்க."

அவிழ்த்துப் பார்த்தேன். இதழ்கள் புதுசாக நிமிர்ந்திருந்தன. உள்ளே தூளாக இருக்க வேண்டிய மகரந்தம் மஞ்சள் களியாகி இதழோடு ஒட்டியிருந்தது. திட்டலாம் என்றால் எதற்கு என்று திட்டுவது? பெண்டாட்டிக்குக் கொண்டுபோகிற பூவுக்கு எவரும் செய்கிற உபகாரத்தைத்தான் அவர் செய்தார். "நல்லதுங்க" என்று சொல்லி இறங்கினேன்.

நாலரை பஸ்ஸில் மல்லூர், அங்கிருந்து ஆறு மைல் நடை, ஏழே காலுக்கு வீடு. சிவப்புப் பூக்கள் வீடு சேர்வதற்குள் சுருண்டுவிட்டன. ஒரு சாயங்காலம் வைத்துப் பார்க்கும் ஆசையும் அதோடு போயிற்று. மல்லிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டேன்.

காலையில் கடைசி மொட்டு சொன்னபடி விரிந்தது. அந்தக் களியை விளக்குமாற்றுக் குச்சியில் எடுத்துத் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். சேர்ந்திருந்தால் ஐந்தாறு நாளில் பூவின் அடி பச்சையாகப் பருக்கும். ஆறாம் நாள் காம்பு மஞ்சளாகி, தொட்டதும் நூலோடு கையில் வந்துவிட்டது. ஆடியில் மாரியின் கார்டு வந்தது. பங்களா கைமாறியது, புது முதலாளி லில்லிப் பாத்தியைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டுவிட்டார். மாரி எடுத்து வைக்கக் கேட்டும் விடவில்லையாம். அந்தச் சிவப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. பூக்காரம்மாவின் மல்லிகை இரண்டு நாள் வாடாமல் இருந்தது. அவர் கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது.

இனி போகிறவர்களுக்கு. மேலே சொன்ன கட்டணமெல்லாம் அந்த வருஷத்தது. இப்போது யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ், மலை ஏற நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் திரும்புவது சிரமம். மல்லூர் நடைக்கு வெயிலுக்கு முன் கிளம்புங்கள். மகரந்தம் வேண்டுமானால் பையை மலையிலேயே கிள்ளிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். பூவாகத்தான் கொண்டுவருவேன் என்றால், பக்கத்தில் உட்காருகிறவர் யாருக்கு என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். எனக்கு வீட்டில் யாரும் இல்லைங்க என்று நிஜத்தைச் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நேரம் கஷ்டமாக இருக்கும். பூ தப்பித்துக்கொள்ளும்.