பொட்டலில் நட்ட ஐந்து கொடிகள்

எங்கள் ஊர்ப் பொட்டலில் கொடிகள் நட்டிருப்பதை முதலில் பார்த்தவர் சித்தப்பா. மாடு தேடிப் போனவர், மாட்டை மறந்துவிட்டு, ஒரு கொடியைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். மூங்கில் கம்பு, நுனியில் சிவப்புத் துணி, துணிக்குக் கீழே ஆணி அடித்த ஒரு தகரம்.

“வாத்தியாரம்மா, இங்கிட்டு வா. தகரத்துல என்னமோ எழுதியிருக்கான். படிச்சுச் சொல்லு. ஒன்னையப் படிக்க வச்சதுக்கு இன்னைக்காச்சும் ஒரு புண்ணியம் கெடைக்கட்டும்” என்றார்.

நான் அப்போது வாத்தியாரம்மா இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, திருச்சியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, பள்ளி திறக்கக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எவரும் ஒரு வகுப்பும் முடித்ததில்லை. அப்பாவின் ஆடுகள்தான் என்னைப் படிக்க வைத்தன. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும்போது சில கிடாய்கள் குறையும், எனக்குப் புத்தகமும் பாவாடையும் வரும். இனி விடுதிக்கும் அவைதான் கட்ட வேண்டும். அந்த ஆடுகளுக்கு இருந்த ஒரே மேய்ச்சல் இந்தப் பொட்டல்.

தகரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எண்கள் இருந்தன. 3, 310, 4. நான் தயங்கவே இல்லை. “சர்வே நம்பர் மூணு. முந்நூற்றுப் பத்து கெஜம். நாலாந்தர மண்ணு. நிலத்த அளந்துட்டாங்க” என்றேன். இன்றைக்கும் சொல்வேன், அந்த வருஷத்தில் அந்தத் தகரத்தைப் பார்த்திருந்தால் படித்தவர் எவரும் அப்படித்தான் படித்திருப்பார். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. புறம்போக்கு இனி யாருடையது, எந்த ஆபீசில் போய் நிற்பது என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து ஊரில் இப்படித்தான் சங்கிலி பிடித்து அளந்தார்கள், கல் நட்டார்கள், அடுத்த அறுவடைக்குள் முள்வேலி வந்துவிட்டது.

“அஞ்சு கொடி இருக்கு. கொடிக்குப் பக்கத்துல வட்டமா ஆத்து மணலக் கொட்டி, எண்ணெய வேற ஊத்தியிருக்கான். மண்ணெண்ணெய் எடுக்கப் போறானோ என்னமோ” என்றார் சித்தப்பா.

அன்று மாலை ஆடுகளைப் பட்டியில் அடைத்தபோது அப்பா ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுத் தொட்டு உள்ளே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கறுப்புக் கார் வந்தது. அந்தச் சாலையில் வரும் கார்கள் சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போகிறவையாகத்தான் இருக்கும். இது திரும்பிப் பொட்டலுக்குள் இறங்கியது. அப்பா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ரோடு போடும் இலாகாவில் இன்ஜினீயர். மற்றவர் மலாயாவில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பிய, திருமயம் பக்கத்துச் செட்டியார். ஆளுக்கொரு தோல் பை. பை நிறைய, அடியில் இரும்பு மடங்கிய தடிகள்.

“கொடியப் புடுங்குனது யாரு?” என்றார் செட்டியார், வந்ததும் வராததுமாக.

“காத்துங்க” என்றார் சித்தப்பா.

“காத்துதான் புடுங்கி ஒன் தோள்ல வச்சுச்சா?”

சித்தப்பா அப்போதுதான் தோளைப் பார்த்தார். கொடியை மெல்ல இறக்கி அப்பா கையில் கொடுத்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு “எசமான்” என்று ஆரம்பித்தார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. நான் முன்னால் வந்தேன்.

“சார், இது எந்த ஆபீஸ் சர்வே? ஆர்டர் இருந்தா காட்டுங்க.”

இன்ஜினீயர் சிரித்தார். “சர்வே இல்ல பாப்பா. கால்ஃப்னு ஒரு விளையாட்டு.”

“எத்தனை பேர் விளையாடுவீங்க?”

“இப்ப ரெண்டு பேர்.”

“நடுவர் யாரு?”

“நடுவர் கிடையாது. எத்தனை அடி அடிச்சேன்னு நானே எண்ணிச் சொல்லுவேன். அவர் அடிச்சதை அவரே சொல்லுவார்.”

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வயது வந்த இரண்டு பேர், வெயிலில், நடுவர் இல்லாமல், தங்கள் கணக்கைத் தாங்களே சொல்லிக்கொள்கிற விளையாட்டாம். என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தகரத்தைக் காட்டிக் கேட்டேன். மூன்று என்பது மூன்றாவது குழி. முந்நூற்றுப் பத்து, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழிவரை கெஜக் கணக்கில் தூரம். நான்கு என்பது நல்ல ஆட்டக்காரன் பந்தைக் குழியில் போட எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகள். அதற்குப் பார் என்று பெயர். ஒன்று குறைத்துப் போட்டால் பேர்டி, ஒன்று கூடினால் போகி.

“நீங்க எத்தனை அடியில போடுவீங்க?”

“அது காத்தப் பொறுத்தது” என்றார் செட்டியார்.

“எட்டு” என்றார் இன்ஜினீயர், அவரைக் காட்டி.

“நாலு அடியில போட முடியாதவங்களுக்கு நாலுன்னு எழுதி வைப்பானேன்?”

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். பலவீனமான ஆட்டக்காரருக்கு இத்தனை அடி கழிவு என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வார்களாம். ஹேண்டிகேப். பரீட்சைக்கு முன்பே தோற்பவனுக்கு மதிப்பெண் கொடுத்து உட்கார வைக்கிற பள்ளிக்கூடத்தை நான் கேள்விப்பட்டதில்லை. “அடிச்சுக் காட்டுங்க” என்றேன்.

இன்ஜினீயர் ஒரு சின்ன மரக்குச்சியைத் தரையில் குத்தி அதன் தலையில் வெள்ளைப் பந்தை வைத்தார். இரண்டு கைவிரல்களையும் ஒன்றோடொன்று பின்னித் தடியைப் பிடித்தார். இடது கையை மடக்காமல், தடியைத் தோளுக்கு மேலே பின்னால் கொண்டுபோய், இடுப்பைத் திருப்பி முழுவீச்சாக இறக்கினார். வீசி முடித்தபோது வயிறு கொடியைப் பார்த்திருந்தது, வலது குதிகால் தூக்கியிருந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பந்து மட்டும் நேரே கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து, கள்ளிப் புதருக்குள் போனது. “ஸ்லைஸ்” என்றார் வருத்தமாக. அப்படி வளைவதற்கு அந்தப் பெயர்.

செட்டியார் தடியை இடுப்புக்கு மேல் தூக்கவில்லை. குனிந்து நின்று, கதிர் அறுக்கிறமாதிரித் தாழ்வாக ஒரு வீச்சு. பந்து செம்மண்ணில் தத்தித் தத்தி நேராக ஓடியது. “ரப்பர் மரத்துக்கு நடுவுல வெளையாடிப் பழகுனவன் நான். ஒசத்தி அடிச்சா கெளையில மாட்டும்” என்றார்.

கொடிக்கு அருகில் போனதும் அந்த வீச்செல்லாம் அடங்கிவிட்டது. பெரிய ஊர்களில் இதற்குப் புல்தரை வளர்ப்பார்களாம். இங்கே தண்ணீர் ஏது? சலித்த மணலில் கார் எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெயைக் கலந்து மெழுகியிருந்தார்கள். நடுவில் பால் டின் ஒன்றைப் புதைத்ததுதான் குழி. தட்டையான ஒரு தடியால், மணிக்கட்டை அசைக்காமல், கடிகார ஊசல்போல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பந்தை உருட்டினார்கள். செட்டியாரின் பந்து டின்னுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. “எடுத்துக்கங்க” என்றார் இன்ஜினீயர். செட்டியார் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே விழாத பந்து விழுந்ததாகக் கணக்கு.

“கொடுத்து வாங்குறாங்க, பாத்துக்க” என்றார் சித்தப்பா என் காதில்.

அதன்பின் ஞாயிறுதோறும் நான் போனேன். கருவேல நிழலில் நின்று பார்ப்பேன். ஒருநாள் ஐந்து குழிக்கும் அடித்த அடிகளை மொத்தமாகக் கூட்டி, குறைவாக அடித்தவர் வென்றதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் மொத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு குழியில் அடித்து அடித்து ஓய்ந்துபோன செட்டியார் கடைசியில் தான் ஜெயித்ததாகச் சிரித்தார்.

“போன வாரம் வேற மாதிரில்ல சொன்னீங்க?” என்று மடக்கினேன்.

“அது ஸ்ட்ரோக் ப்ளே. இது மேட்ச் ப்ளே” என்றார் இன்ஜினீயர். “இதுல ஒவ்வொரு குழியும் தனி வழக்கு. அந்தக் குழில யாரு கம்மியோ அவருக்கு அந்தக் குழி. அதிகக் குழி ஜெயிச்சவர் ஆட்டத்த ஜெயிச்சவர்.”

பிறகொரு வாரம் மேலும் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு பக்கத்துக்கு ஒரே பந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். அதற்கு ஃபோர்சம் என்றொரு பெயர். கோர்ட்டில் சாட்சி இப்படி வாய்தாவுக்கு வாய்தா பேச்சை மாற்றினால் எந்த நீதிபதி நம்புவார்? விளையாட்டு உண்மையாகவே இருக்கலாம். விளையாட்டு மட்டும்தானா என்பதுதான் என் கேள்வி.

மழை பெய்து பொட்டலில் புல் தலைகாட்டிய ஒரு ஞாயிறு அதற்குப் பதில் கிடைத்தது. அப்பா ஆடுகளைப் பரவலாக மேயவிட்டிருந்தார். ஒரு வெள்ளாடு மூன்றாம் கொடியின் துணியில் பாதியைத் தின்று முடித்திருந்தது. செட்டியாரின் பந்து நேராகப் போய்ப் புழுக்கைக் குவியலின் நடுவே, ஒரு குளம்புத் தடத்தில் புதைந்து நின்றது.

செட்டியாருக்கு முகம் சிவந்தது. “இதுக்குத்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். தாசில்தாருக்கு எழுதிக் குடுத்து, இந்த எடத்தக் குத்தகைக்கு எடுத்து, வேலியப் போட்டுருவோம்னு. நீங்கதான் பாக்கலாம், பாக்கலாம்னு...”

இன்ஜினீயர் கண்ணைக் காட்டினார். செட்டியார் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பாவின் கையிலிருந்த தொரட்டி கீழே சாய்ந்தது. வேலி வந்தால் ஆடு இல்லை. ஆடு இல்லையென்றால் திருச்சியும் இல்லை.

பேச்சை மாற்றவோ என்னவோ, இன்ஜினீயர் குனிந்து செட்டியாரின் பந்தைக் கையால் எடுத்துச் சுத்தமான இடத்தில் போட்டார்.

“பந்தக் கையால தொடக் கூடாதுன்னீங்களே?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“இதுக்குத் தொடலாம். லோக்கல் ரூல்னு உண்டு. ஒவ்வொரு மைதானத்துலயும் அந்த எடத்துக்குத் தகுந்தமாதிரி சில விதி வச்சுக்கலாம். எங்க விதி, புழுக்கையில விழுந்தா எடுத்துப் போட்டுக்கலாம்.”

“அந்த விதிய வைக்கிறது யாரு?”

“மைதானம் யாருதோ அவங்க...” என்றவர் பாதியில் நின்றார்.

“மைதானம் யாருது சார்?”

செட்டியார் இன்ஜினீயரைப் பார்த்தார். நானே தொடர்ந்தேன்.

“புறம்போக்கக் குத்தகைக்கு விடணும்னா ஊர்ல தண்டோராப் போட்டு ஆட்சேபணை கேக்கணும். இந்த ஊர்ல அத எழுத ஆள் இல்லன்னு நெனைச்சிருப்பீங்க. நான் எழுதுவேன். இங்கிலீஷ்ல எழுதுவேன். ரோடு இலாகா இன்ஜினீயர் ஞாயித்துக்கெழம என்ன செய்யுறாருன்னு கலெக்டருக்கும் ஒரு நகல் போகும்.”

“அடேயப்பா, ஒரு பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது!” என்றார் செட்டியார்.

“பேசுறதும் எழுதப்போறதும் அதே பொம்பளப் புள்ளதான்” என்றேன்.

இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “சரிம்மா. குத்தகையும் வேணாம், வேலியும் வேணாம். நீங்க ஒரு லோக்கல் ரூல் சொல்லுங்க.”

சொன்னேன். ஆட்டுக்குத்தான் முதல் வழி. ஆடு நின்றால் அது தானாக நகரும்வரை அடிக்கக் கூடாது. விரட்டினால் விதியை மீறியதாகக் கணக்கு.

“படுத்துக்கிருச்சுன்னா?” என்றார் செட்டியார்.

“நீங்களும் ஒக்காருங்க” என்றார் சித்தப்பா.

ஒப்புக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. இரண்டு பேர் வெயிலில் தலையாட்டியதை நம்பி எப்படி விடுதிக்குப் பெட்டி கட்டுவது? அவர்கள் மறுபடி ஆடத் தொடங்கினார்கள், அன்றைக்கு மேட்ச் ப்ளே. நான் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போனேன். நான்காம் குழியில் இன்ஜினீயரின் பந்துக்கு நேரே ஒரு கிடாய் நின்றது. அவர் காத்திருந்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கையும் மெல்ல ஒன்றோடொன்று பட்டது. கிடாய் துள்ளி ஓடியது.

“வெரட்டிட்டாரு!” செட்டியார் தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “நான் பாத்தேன்! மேட்ச் ப்ளேல விதிய மீறுனா அந்தக் குழியே போச்சு. குழி எனக்கு!”

“கொசு அடிச்சேன்யா.”

“பட்டப்பகல்ல, பொட்டல்ல, கொசுவா? ஏத்தா, நீ சொல்லு. கொசுவா, ஆடா?”

“ஆடு” என்றேன். “குழி செட்டியாருக்கு.”

இன்ஜினீயர் முணுமுணுத்தபடி விட்டுக்கொடுத்தார். அடுத்த குழியில் செட்டியார் ஒரு குட்டியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தபோது, இன்ஜினீயர் பத்தடி தூரத்திலிருந்து கையை உயர்த்திவிட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர்கள் எங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பார்களோ மாட்டார்களோ, ஒருவர் தவறை மற்றவர் விடமாட்டார்.

ஆனியில் அப்பா கிடாய்களை விற்றார். நான் திருச்சிக்குப் புறப்பட்டேன். பஸ் வரும்வரை அப்பா பொட்டலைப் பற்றித்தான் கேட்டார்.

“எதுத்து எதுத்து வெளையாடுறவரைக்கும் பயமில்லப்பா” என்றேன். “ரெண்டு பேரும் ஒரே பக்கமா நின்னு வேற யாரோடயாச்சும் வெளையாட வந்தா, அன்னைக்கு மட்டும் ஆட்ட விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராதீங்க.”